கொலராடோவில் எல்க் வேட்டை: திருகோணமலையில இருந்து போறவருக்கு என்ன ஆயத்தம்?

உவர்மலையான்:
ஒக்டோபர் கடைசியில அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்கு எல்க் எண்ட பெரிய மான் வேட்டைக்குப் போற யோசனை. மச்சான் டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டனில இருக்கிறார், துவக்கு அவரிட்ட இருக்கு. நான் சுற்றுலா விசாவில வருவன். அந்த மலைப்பக்கம் ரெண்டு பேருக்கும் புதுசு, வழிகாட்டி பிடிக்கக் காசும் இல்லை. எந்தக் கடதாசி முதல் வேணும்? அறியாத காட்டில எல்க்கை எங்க தேடுறது? இஞ்ச ஏறிப் பழக இருக்கிறது கோணேசர் கோயில் ஏற்றம் மட்டும்தான், அது காணுமா? இலங்கையில வேட்டை தடை எண்டது தெரியும், அந்த வகுப்பு வேண்டாம்.

பாலையூற்று அண்ணை:
விமானச் சீட்டை ஆகக் கடைசியா எடுங்கோ தம்பி.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சுற்றுலா விசாவில வந்தவர் துவக்கையோ ரவையையோ கையில வைச்சிருக்கக் கூடாது. உங்களுக்குப் பொருந்துற விலக்கு, அந்த நாட்டு மாநிலம் ஒன்று தந்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். மச்சான் வீட்டில இறங்கின அடுத்த நாளே 'சும்மா நாலு வெடி வைச்சுப் பழகுவம்' எண்டு கூட்டிக்கொண்டு போவார். லைசென்ஸ் இல்லாம அவருடைய ரைபிளைத் தொட்டா அது குற்றம், பிறகு விசாவுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. லைசென்ஸ் சட்டைப்பைக்குள்ள வந்த பிறகு பழகுங்கோ.

லைசென்ஸ் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேணும். கொலராடோவில 1949 ஜனவரி 1இலும் அதுக்குப் பிறகும் பிறந்த எல்லாருக்கும் இந்த விதி. மச்சானிட்ட டெக்சாஸ் சான்றிதழ் இருந்தா அங்க செல்லும். உங்களுக்கு அது இல்லாததால பயிற்சியை எங்க, எப்ப முடிக்கிறது எண்டு இப்பவே ஒழுங்கு செய்யுங்கோ. கடைசி நேரத்தில ஆட்கள் மாட்டுப்படுறது இதிலதான்.

நல்ல பகுதிகளுக்கு லைசென்ஸ் குலுக்கலில வரும். விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தோட மூடிப்போடும். குலுக்கல் இல்லாம வாங்கக்கூடியது, ரைபிள் வேட்டைக்கெண்டு ஒதுக்கின பருவங்களில இரண்டாம், மூன்றாம் பருவங்களின் ஆண் எல்க் லைசென்ஸ், அதுவும் குறித்த பகுதிகளுக்கு மட்டும். வெளிமாநிலத்தவருக்கு (வெளிநாட்டவரும் இதில சேர்த்தி) 800 டொலருக்கு மேல போகும், காட்டு விலங்குகளின் வாழ்விடத்தைக் காக்க லைசென்ஸோட வாங்குற வாழ்விட முத்திரைக்குக் காசு வேற. மேற்குப் பக்கத்தில வில் வேட்டைக்கும் முந்தி இப்படி வாங்கலாம், 2025 முதல் வெளிமாநிலத்தவருக்கு அது நின்றுபோச்சு. யூடியூப்பில பழைய வீடியோ பார்த்துத் திட்டம் போடாம, அந்த வருட விதிப்புத்தகத்தை எடுத்து வாசியுங்கோ.

பக்கத்து மாநிலமான வயோமிங் பக்கம் ஆசைப்படாதேங்கோ. அங்க 'வில்டர்னஸ்' எண்டு அறிவிச்ச காடுகளில வெளிமாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமப் பெரிய விலங்கு வேட்டையாட ஏலாது. கொலராடோவில அந்தத் தடை இல்லை.

மரைக்கண்ணன்:
எல்க் எண்டா எங்கட மரையின் இனத்தான்தான், ஆனா உடம்பு அதைவிடப் பெரிசு. நல்ல ஆண் 300 கிலோ வரும்.

முதல்ல உயரத்தைக் கவனியுங்கோ. இலங்கையின் ஆக உயரமான பிதுருதலாகல 2,524 மீற்றர். நீங்கள் கூடாரம் அடிக்கப்போற இடம் 2,700, 3,000 மீற்றர் இருக்கும். கடல் மட்டத்தில இருந்து போற ஆள் முதல் நாளே அங்க ஏறினா தலையிடி, சத்தி, நித்திரையின்மை எல்லாம் வரலாம். டென்வர் 1,609 மீற்றரில இருக்கு, அங்க ரெண்டு இரவு தங்குங்கோ. பிறகு மலையடிவார ஊர் ஒன்றில ஒரு இரவு. பருவம் திறக்க மூன்று நாளாவது முதல் கூடாரத்துக்குப் போய்ச் சேருங்கோ. நடை தள்ளாடினாலோ, இருந்த இடத்திலயே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் எண்டு பார்த்துக்கொண்டிராம உடனே கீழ இறக்கவேணும். உயர வருத்தம் வராமத் தடுக்க மாத்திரை இருக்கு, புறப்பட முதல் டொக்டரோட கதையுங்கோ.

கோணேசர் ஏற்றம் உயரத்துக்குப் பழக்காது, காலைப் பழக்கும். நாலு மாதம் முதல் தொடங்கி, முதுகுப்பையில தண்ணிப் போத்தல்களை நிரப்பி 10 கிலோவில இருந்து 20 கிலோவுக்குக் கொண்டுபோங்கோ. உச்சியில தண்ணியை ஊத்திப்போட்டு வெறும் பையோட இறங்கினா முழங்கால் தப்பும். வாரத்தில ஒரு நாள் நிலாவெளி மணலில நடவுங்கோ. சப்பாத்தை இஞ்சயே போட்டு நடந்து பழக்கவேணும். புதுச் சப்பாத்தோட மலையேறினா ரெண்டாம் நாள் கொப்புளம், மூன்றாம் நாள் கூடாரத்துக்குள்ள படுக்கைதான். பருத்தி உடுப்பு ஒன்றும் கொண்டுபோகாதேங்கோ, நனைஞ்சா காயாது. உள்ளுக்குக் கம்பளி, வெளியில காற்றுத் தடுக்கிற சட்டை.

இனி எங்க தேடுறது. எல்க்கின் கூடல் பருவம் செப்டெம்பர் நடு, கடைசியில உச்சம். ஒக்டோபர் முடிய ஆண்கள் களைச்சு, கூட்டத்தை விட்டு விலகி, ஆள் நடமாட்டம் குறைஞ்ச அடர்காட்டில கிடக்கும். வீடியோவில ஆண் எல்க் கத்துற அந்த ஊளைச் சத்தத்தை நம்பிப் போகவேண்டாம். வரைபடத்தில வடக்குப் பார்த்த சரிவில அடர்ந்த மரம், அதுக்குள்ள படி மாதிரித் தட்டையான இடம், அரை மைலுக்குள்ள புல்வெளியும் தண்ணியும், இதெல்லாம் சேர்ந்து வாற இடங்களைக் குறியுங்கோ. சில வருடங்களுக்கு முதல் தீ எரிஞ்ச காட்டில புதுப்புல் இருக்கும், அதையும் பாருங்கோ. ஒரு இடத்தை மட்டும் நம்பாதேங்கோ: மேல ஒன்று, நடுவில ஒன்று, கடும் பனி விழுந்தா கீழ ஒன்று.

காற்றில திருகோணமலைக்காரருக்கு வாசி இருக்கு. சோளகம், வாடை ரெண்டும் ஓய்ஞ்ச நாட்களில விடியப்புறம் கரைக்காற்று கடலுக்குப் போறதும், வெயில் ஏற கடற்காற்று கரைக்கு வாறதும் தெரியும்தானே? மலையிலயும் அதே கணக்கு. இரவில குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு வடியும், வெயில் பட்டுச் சரிவு சூடானா மேல ஏறும், பின்னேரம் நிழல் விழத் திரும்பவும் வடியும். அதால விடியவும் பொழுதுபடவும் எல்க்குக்குக் கீழ நில்லுங்கோ, நடுப்பகலில மேல நில்லுங்கோ. பிழை விடுற நேரம் காலை ஒன்பது பத்து மணி. கீழ இருந்து நல்லா நெருங்கி வருவீங்கள், காற்றுத் திரும்பும், உங்கட மணம் நேர மேல போகும், காடு வெறிச்சோடும். அந்த ஒரு மணித்தியாலம் அசையாம இருங்கோ. காற்றுப் பார்க்கச் சின்னப் போத்தலில பவுடர் போதும், திருநீறும் வேலை செய்யும்.

உவர்மலையான்:
நன்றி அண்ணை. வீதியில இருந்து நாலு மைல் உள்ளுக்குப் போனா கூட்டம் குறைவு எண்டு மச்சான் சொல்றார். சரியா?

சாம்பல்தீவு செல்வன்:
போகலாம், திரும்பி வாறதைத்தான் முதல்ல கணக்குப் போடவேணும். ஒரு ஆணில எலும்பில்லாத இறைச்சியே 80 முதல் 100 கிலோ. ஆளுக்கு 25 கிலோ எண்டு தூக்கினா, ரெண்டு பேருக்கும் குறைஞ்சது ரெண்டு நடை. நாலு மைலில ஒரு நடை போய்வர எட்டு மைல். கூடாரத்தை வீதியோரம் அடிச்சிருந்தா, சுட்ட இடத்தில இருந்தே முதல் சுமையைத் தூக்கினாலும் ரெண்டு நடைக்கு நடப்பு பன்னிரண்டு மைல், அதில எட்டு மைல் சுமையோட. 3,000 மீற்றரில அது ரெண்டு நாள் வேலை. இறைச்சியைக் காட்டில விட்டுட்டு வாறது அங்க குற்றம். குதிரை இல்லாத ரெண்டு பேருக்கு ஒன்றரை மைல் காணும். செங்குத்தான பள்ளம் ஒன்றைத் தாண்டினாலே முக்கால்வாசிப் பேர் வரமாட்டினம், தூரம் தேவையில்லை.

சுட முதல் கொம்பைப் பாருங்கோ. குலுக்கலில்லாத பகுதிகளில பெரும்பாலும் ஒரு கொம்பிலாவது நாலு கிளை, இல்லாட்டி அடிக்கிளை 5 அங்குலம் இருக்கவேணும். மூஸ் எண்ட இன்னொரு பெரிய மானையும் எல்க் எண்டு நினைச்சுச் சுடுற ஆட்கள் வருடாவருடம் இருக்கினம். மூஸ் கருங்கபிலம், பின்பக்கத்தில எல்க்குக்கு இருக்கிற வெளிர் நிறம் அதுக்கு இல்லை. நீங்கள் உடுக்கவேண்டியது பளிச்சிடுற செம்மஞ்சள், மேலுடம்பில 500 சதுர அங்குலம், தொப்பியும் அதே நிறம். இலைக்கோலம் போட்ட செம்மஞ்சள் கணக்கில வராது.

விழுந்த உடன லைசென்ஸோட வந்த அட்டையை நிரப்புங்கோ. வயிறு கிழிக்காம வெட்டலாம்: ஒரு பக்கத் தோலை உரிச்சு, பின்தொடை, முன்கால், முதுகிறைச்சி, கழுத்து எண்டு எடுத்து, உடம்பைப் புரட்டி மற்றப் பக்கம். கடைசி விலாவுக்குப் பின்னால கீறி உள்முதுகிறைச்சியை எடுங்கோ. கெடுறது தொடை எலும்பு மூட்டில இருந்துதான் தொடங்கும், தோல் சூட்டை உள்ளுக்குள்ள பிடிச்சு வைக்கிறதால. வெளியில குளிர் எண்டு நம்பி இரவு முழுக்கத் தோலோட விட்டா விடிய மணக்கும். எலும்பெடுத்தாலும் ஆண் எண்டதுக்கான உறுப்பு இறைச்சித் துண்டு ஒன்றோட இயல்பா ஒட்டினபடி இருக்கவேணும், சோதனையில கேட்பினம். அலகு மாற்றுற கத்தி ரெண்டு, காற்றோட்டமான துணிப்பை ஆறு, 15 மீற்றர் கயிறு, தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று, மேலதிக பற்றறி. இறைச்சியை நிழலில, தரை படாமக் கட்டித் தொங்கவிடுங்கோ.

ஹியூஸ்டனுக்கு ஆயிரம் மைலுக்கு மேல ஓட்டம். பெரிய கூலர் பெட்டி ரெண்டு, உறையவைச்ச தண்ணிக் கலன்களோட. தண்டுவடம், மூளை மாநிலம் தாண்டக் கட்டுப்பாடு இருக்கு, மான்களுக்குப் பரவுற மூளை நோயால. கொம்பை மண்டையோட்டுத் துண்டோட சுத்தமாக்கி மச்சான் வீட்டுச் சுவரில மாட்டுங்கோ. கட்டுநாயக்காவுக்குக் கொண்டுவாற யோசனையை விடுங்கோ.