பிளாட் வாங்கும்போது நோட்டீஸ் கட்டணம்: நியாயமா, ஏமாற்றா?

ஹாரோவாசி:
நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார், "லண்டனில் வீடு வாங்கினாலும் பிளாட் வாங்கினாலும் சொலிசிட்டர் (வக்கீல்) செலவு ஒன்றுதான், கூடக் கேட்டால் ஏமாற்று" என்று. அதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. இதை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் சாவி வாங்கும் வாரத்தில் கைமாற்றுக்கு அலைய வேண்டியதுதான். பிளாட் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட், அதாவது நிலம் இன்னொருவருடையது, நமக்கு நீண்ட காலக் குத்தகை. அப்படியென்றால் அந்தக் குத்தகைப் பத்திரமான லீஸ் முழுவதையும் படிக்க வேண்டும், கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் தரும் எல்பிஇ1 என்ற விவரப் படிவம், பராமரிப்புக்கு வாங்கும் சர்வீஸ் சார்ஜ் கணக்கு, கட்டடக் காப்பீடு, பெரிய ரிப்பேர் வருகிறதா என்று சொல்லும் செக்‌ஷன் 20 நோட்டீஸ், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கட்டடம் 11 மீட்டருக்கு மேல் என்றால் 2022 பில்டிங் சேஃப்டி சட்டத்துக் காகிதங்கள் வேறு. இந்த வேலைக்குத்தான் லீஸ்ஹோல்ட் சப்ளிமென்ட் என்று தனிக் கட்டணம் போடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு நிலத்துக்காரரான ஃப்ரீஹோல்டருக்கு எழுத்தில் தெரிவிப்பதுதான் நோட்டீஸ், அதற்குக் கட்டணம் இரண்டு: பிளாட் கைமாறியதற்கு ஒன்று, வங்கி அடமானத்துக்கு ஒன்று.

ஈஸ்ட்ஹாம் தம்பி:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணா, என்னிடமே நேராகச் சொல்லியிருக்கலாம். மற்றதை விடுங்கள். இரண்டு நோட்டீஸையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். ஒரே மின்னஞ்சலுக்கு ஏன் இரண்டு கட்டணம், அதன் மேல் 20% வாட்?

ஹாரோவாசி:
அந்தப் பணம் சொலிசிட்டர் பைக்குப் போவதே இல்லை. ஃப்ரீஹோல்டருக்கோ அவருடைய ஏஜென்டுக்கோ போகிறது. எவ்வளவு என்று பெரும்பாலும் லீசிலேயே எழுதியிருக்கும். லீசைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு சொலிசிட்டரைத் திட்டி என்ன பயன்?

ஈஸ்ட்ஹாம் தம்பி:
யாருக்குப் போகிறது என்று நான் கேட்கவே இல்லை. ஒரே மின்னஞ்சல், இரண்டு கட்டணம். ஏன்?

கிராய்டன்காரன்:
தம்பி கேட்பது நியாயம். எனக்கு வந்த பில்லில் நோட்டீஸ் மட்டுமா? ஸ்டாம்ப் டியூட்டி ரிட்டர்ன் நிரப்பியதற்கு ஒரு தொகை, வங்கிக்குப் பணம் அனுப்பியதற்கு ஒரு தொகை, பாஸ்போர்ட் சரிபார்த்ததற்கு ஒரு தொகை, லீஸ் விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்று உறுதி தரும் டீட் ஆஃப் கவனன்ட் எழுதியதற்கு ஒரு தொகை. 2018 டிசம்பரிலிருந்து சொலிசிட்டர்கள் தங்கள் இணையதளத்தில் விலை போட வேண்டும் என்று விதி இருக்கிறது. போடுகிறார்கள், பெரிய எழுத்தில் ஒரு தொகை, மீதி எல்லாம் பொடி எழுத்தில். மேனேஜிங் ஏஜென்ட் தரும் காகிதக் கட்டான மேனேஜ்மென்ட் பேக்குக்கும் என்னிடமே காசு வாங்கினார்கள்.

இல்ஃபோர்ட் அக்கா:
மேனேஜ்மென்ட் பேக்கை வழக்கமாக விற்பவர்தான் வாங்கித் தருவார். உங்களிடம் வாங்கியிருந்தால் நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கிராய்டன்காரன்:
கேட்டேன் அக்கா. விற்பவர் முடியாது என்றார், எனக்கு பிளாட் வேண்டியிருந்தது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு "கேட்கவில்லை" என்று சொல்வது சுலபம்.

இல்ஃபோர்ட் அக்கா:
நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? போன மாதமும் இப்படித்தான் பேசினீர்கள், மறக்கவில்லை.

ஹாரோவாசி:
சண்டையை நிறுத்துங்கள். தம்பிக்கு மறுபடியும் சொல்கிறேன். பல பிளாட்டுகளின் டைட்டிலில் (உரிமைப் பதிவில்) தடையாக ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் இருக்கும். லீசில் சொன்னதை எல்லாம் செய்தாகிவிட்டது என்று ஏஜென்ட் சர்டிஃபிகேட் கொடுத்தால்தான் லேண்ட் ரெஜிஸ்ட்ரி உங்கள் பெயரில் பதியும். நோட்டீஸ் காசு கட்டாமல் அந்த சர்டிஃபிகேட் வராது, அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. "கட்டமாட்டேன்" என்று வீரம் பேசினால் பிளாட் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும். லீசில் தொகை எழுதாமல் "நியாயமான கட்டணம்" என்று மட்டும் இருந்தால் பேரம் பேச இடம் இருக்கிறது, அதையாவது செய்தீர்களா? உங்கள் சொலிசிட்டர் யார் என்றும் தெரியும், உங்கள் மச்சானின் சிநேகிதர். மலிவாக இருக்கிறார் என்று ஊரெல்லாம் சொன்னவரே நீங்கள்தானே.

ஈஸ்ட்ஹாம் தம்பி:
என் மச்சானை ஏன் இழுக்கிறீர்கள்? நீங்கள் யாருக்கு ஆள் பிடிக்கிறீர்கள் என்று எல்லாருக்கும் தெரியும், நான் சொன்னேனா? கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரே மின்னஞ்சல்.

சென்னைவாசி:
எங்கள் ஊரில் பிளாட் வாங்கினால் நிலத்திலும் யூடிஎஸ் என்ற பிரிக்கப்படாத பங்கு வரும். காசு கொடுத்து வாங்கிவிட்டு நிலத்துக்காரனுக்கு நோட்டீஸ் அனுப்புகிற கூத்து அங்கே இல்லை.

ஹாரோவாசி:
இங்கிலாந்துச் சட்டம் பேசும் இடத்தில் சென்னையை ஏன் கொண்டுவருகிறீர்கள்? கொண்டுவந்ததால் கேட்கிறேன், ஊரில் உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா? உலகத்தில் எங்கே ஒரு வீட்டில் பங்கு இருந்திருந்தாலும், அப்பா விட்டுப்போன யாழ்ப்பாணத்து வீடாக இருந்தாலும், முதல் வீட்டுச் சலுகை போய்விடும். 3,20,000 பவுண்ட் பிளாட்டுக்கு முதல் வீடு என்றால் ஸ்டாம்ப் டியூட்டி 1,000 பவுண்ட். சலுகை இல்லையென்றால் 6,000. அந்த வீடு இன்னும் கையில் இருந்து, பங்கின் மதிப்பும் 40,000 பவுண்டுக்குக் குறையாமல் இருந்தால் 5% கூடுதல் வரியும் சேர்ந்து 22,000 வரை போகலாம்.

சென்னைவாசி:
என் சொத்துக் கணக்கு உங்களுக்கு எதற்கு?

இல்ஃபோர்ட் அக்கா:
இவ்வளவு சொல்கிறவர் ரிடென்ஷனை விட்டுவிட்டாரே. வருடக் கணக்கு முடியாமல் பிளாட் கைமாறினால், பழைய சர்வீஸ் சார்ஜ் பாக்கி புதியவர் தலையில் விழும். அதற்காக விற்பவர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டும். என் தங்கைக்கு யாருமே சொல்லவில்லை, கூரை ரிப்பேர் பில் அவள் பெயருக்கு வந்தது.

ஹாரோவாசி:
விடவில்லை, அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். முதலில் தம்பியின் லீசில் நோட்டீஸ் பற்றிய பக்கத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி:
போடுகிறேன். "ஒவ்வொரு நோட்டீஸுக்கும்" என்றுதான் இருக்கிறது, நான் பார்க்காமல் இல்லை. எழுதியிருந்தால் நியாயம் ஆகிவிடுமா? அனுப்பியது ஒரே மின்னஞ்சல்.

ஹாரோவாசி:
எழுதியிருக்கிறது என்று இப்போது சொல்கிறீர்கள். நேற்று ஏமாற்று என்றீர்கள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி:
இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.