ஈரல் புற்றுநோய்க்குப் பார்க்கும் ரத்த டெஸ்ட் ஏ.எஃப்.பி. நார்மல் என்று வந்தும் ஏமாந்தவர்கள் இருக்கிறீர்களா?

சைதாப்பேட்டை மகன்:
அப்பாவுக்குப் பல வருஷமாக ஹெபடைடிஸ் பி, ஈரலைத் தாக்கும் வைரஸ். ஈரலில் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. இரண்டு தடவை ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். 6.2 என்று வந்தது. 10-ஐத் தாண்டினால்தான் அந்த லேபில் தடித்த எழுத்தில் அடிப்பார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சந்தோஷத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த தடவை நான் இழுத்துப் போய் எடுத்த ஸ்கேனில் ஈரலில் 4 செ.மீ. கட்டி. ரத்தத்தில் அன்றைக்கும் 7தான். டாக்டரிடம் சண்டைக்கே போனேன். "பத்துப் பேரில் மூணு நாலு பேருக்கு இது ஏறவே ஏறாதுங்க" என்றார். சட்டையைத் துவைக்கப் போடும்போது அந்தத் தாள் கையில் வந்தது.

பெரம்பூர் அக்கா:
தம்பி, இதைப் படித்துவிட்டு டெஸ்டே வேஸ்ட் என்று நாலு பேர் கிளம்பப் போகிறார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். வீட்டுக்காரருக்கு 212. பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன், கண்டக்டர் பாவம், மீதிச் சில்லறையை மடியில் வைத்துவிட்டுப் போனார். சி.டி.யில் கட்டியே இல்லை! வைரஸ் கிளம்பி ஈரல் வீங்கியிருந்தது. மாத்திரை ஆரம்பித்து நாலு மாதத்தில் 9. ஒரு தடவை வந்த எண்ணைவிட, அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியமாம்.

வில்லிவாக்கம்வாசி:
பிவ்கா என்று ஈரல் புற்றுநோய்க்குப் பார்க்கும் இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே. மாமாவுக்கு அது ஆயிரக்கணக்கில் வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு மருந்துப் பையைக் கவிழ்க்கச் சொன்னார். உள்ளே வார்ஃபரின், ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுப்பது. இதய வால்வு மாற்றியதிலிருந்து சாப்பிடுகிறார். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் மாத்திரை அது, கட்டி இல்லாமலே பிவ்காவை ஏற்றிவிடும். அவ்வளவுதான் என் கதை.
அப்புறம், ஏ.எஃப்.பி.யை வைத்து எத்தனையாவது ஸ்டேஜ் என்று டாக்டரைக் குடையாதீர்கள். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிசு, ரத்தக்குழாய்க்குள் புகுந்ததா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, ஆள் நடமாடுகிறாரா, இதெல்லாம் பார்ப்பார்கள். ரத்தத்தில் பிலிருபின், ஆல்புமின், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு) மூன்றும் ஈரலில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று சொல்லும். லேபை மாற்றாதீர்கள், எண் கொஞ்சம் முன்னே பின்னே வரும். கீழாநெல்லி குடித்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள்.

சைதாப்பேட்டை மகன்:
ஊசியெல்லாம் போட்டாச்சு அண்ணா. அக்கா, வேஸ்ட் என்று நான் எங்கே சொன்னேன்? ஸ்கேனை விட்டதைத்தான் சொன்னேன். ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டில் இருக்கிறார். ஸ்கேன் நாளன்று ஐந்தரைக்கே செருப்பு மாட்டி வாசலில் நிற்கிறார், நான்தான் லேட்.