மொரீஷியஸ் எப்படித் தப்பியது? சர்க்கரைப் பணம், ஏற்றுமதி மண்டலம், அந்த 8 கூடுதல் இடங்கள்

திசைமாணி கேட்டது:

1968 மார்ச் 12-ல் விடுதலை பெற்றபோது மொரீஷியஸின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். பெருகும் மக்கள்தொகைக்கு அந்தத் தீவில் வேலை கிடைக்காது, இனமோதலும் சேரும் என்று 1961-லேயே பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் எச்சரித்திருந்தார். 1967 தேர்தலில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 44% பேர் விடுதலையை எதிர்த்த பி.எம்.எஸ்.டி. கட்சியின் பக்கம். கொடியேற இரண்டு மாதம் இருக்கையில் தலைநகர் போர்ட் லூயிஸில் கலவரம், அடக்கச் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் படை. அதே நாட்டை 2020-ல் உலக வங்கி உயர்வருமான நாடுகளின் பட்டியலில் வைத்தது. கொரோனாவால் அடுத்த ஆண்டே இறங்கியது வேறு விஷயம்.

படிக்கும் கட்டுரை எல்லாம் 'ஏற்றுமதி மண்டலம், ஜனநாயகம்' என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது. எனக்குத் தெரிய வேண்டியது: பணம் எங்கிருந்து வந்தது, யார் கைக்குப் போனது? நாடாளுமன்றத்தில் தோற்றவர்களுக்குக் கொடுக்கும் 8 இடங்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அதில் தமிழர்கள் எங்கே வருகிறார்கள்?

ஆலைக்கணக்கு:

எல்லோரும் 1970 ஏற்றுமதி மண்டலச் சட்டத்திலிருந்து தொடங்குவார்கள். பணத்தின் வழியைப் பிடிக்க வேண்டுமென்றால் 1975-ல் தொடங்குங்கள்.

அந்த ஆண்டு ஐரோப்பா தன் முன்னாள் குடியேற்ற நாடுகளோடு போட்ட லோமே ஒப்பந்தத்தோடு வந்த சர்க்கரை உடன்படிக்கையில், ஐரோப்பா ஒவ்வொரு நாட்டிடமும் குறிப்பிட்ட அளவை உறுதி விலைக்கு வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. காலவரம்பே கிடையாது. சில மாதம் முன்புதான், 1974 நவம்பரில், உலகச் சந்தையில் சர்க்கரை ராத்தல் 60 அமெரிக்க சென்ட்டைத் தாண்டியிருந்தது. சந்தை உச்சியில் இருக்கும்போது நீண்டகால உறுதி விலைக்குக் கையைக் கட்டிக்கொள்வது நட்டம் போலத் தெரிந்தது. மொரீஷியஸ் தயங்கவில்லை. ஏறத்தாழ 5 லட்சம் டன் ஒதுக்கீடு; உடன்படிக்கை நாடுகளிலேயே மிகப் பெரிய பங்கு. பிறகு உலக விலை சரிந்தது, 80-களில் தரையைத் தொட்டது. ஐரோப்பிய விலை அசையவில்லை. அந்த வித்தியாசம் ஆண்டுதோறும் தீவுக்குள் வந்த உபரி.

அது இரண்டு வாய்க்காலில் ஓடியது. ஒன்று, அரசு விதித்த சர்க்கரை ஏற்றுமதி வரி. பெரிய தோட்டங்கள் கட்டின, சிறு கரும்பு விவசாயிகளுக்கு விலக்கு. 1994 வரை இருந்த வரி இது. இலவச மருத்துவம், அரிசி மாவு மானியம், வருமானம் பார்க்காமல் எல்லா முதியோருக்கும் ஓய்வூதியம், 1977 முதல் இலவச இடைநிலைக் கல்வி எல்லாவற்றுக்கும் இது கைகொடுத்தது. கல்வி தானாக வந்ததல்ல. 1975 மே 20-ல் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அடுத்த ஆண்டு தேர்தல். இரண்டாவது வாய்க்கால், தோட்ட முதலாளிகளின் லாபம். நிலத்தைப் பிடுங்க மாட்டோம் என்ற உறுதி கிடைத்ததால் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்கள் பணத்தை வெளியே கொண்டு ஓடவில்லை, பின்னலாடை ஆலையிலும் விடுதியிலும் போட்டன. ஏற்றுமதி மண்டல முதலீட்டில் ஏறத்தாழ பாதி உள்ளூர்ப் பணம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மீதியில் ஹாங்காங் பணம் முக்கியமானது; ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் துணி அனுப்ப ஒரு வாசல் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

மண்டலம் என்றதும் வேலி போட்ட ஓர் இடத்தை நினைக்காதீர்கள். சான்றிதழ் ஆலைக்குத்தான், இடத்துக்கு அல்ல. தீவில் எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். மூலப்பொருளுக்கும் இயந்திரத்துக்கும் சுங்கம் இல்லை, பல ஆண்டு வருமான வரி விடுமுறை, லாபத்தைத் தடையின்றி வெளியே எடுத்துப் போகலாம், ஆள்குறைப்பிலும் மேலதிக வேலை நேரத்திலும் தொழிலாளர் சட்டம் தளர்த்தப்பட்டது. உள்ளூர்ச் சந்தைக்கு உற்பத்தி செய்த பழைய ஆலைகளுக்கோ உயர்ந்த சுங்கச்சுவர் அப்படியே நின்றது. திறந்த பொருளாதாரம் என்று சொல்லிக்கொண்டே ஒரு பக்கத்தை மட்டும் திறந்தார்கள். அதனால் பழைய முதலாளியும் பழைய தொழிற்சங்கமும் எதிர்க்கவில்லை.

இடறலும் உண்டு. 1974 உச்ச விலையை நம்பிக் கூலியையும் செலவையும் ஏற்றிவிட்டார்கள். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல், பிறகு விலைச்சரிவு. அந்நியச் செலாவணி தீர்ந்து, ரூபாய் மதிப்பை 1979-ல் 30%, 1981-ல் 20% குறைத்தார்கள். பன்னாட்டு நாணய நிதியத்திடமும் போனார்கள். ஏற்றுமதி ஆலை வேலைகள் பெருகியது இதற்குப் பின்தான்: 80-களின் இறுதியில் ஏறத்தாழ 90,000 பேர். 1970 சட்டம் கதவைத் திறந்தது, கூட்டம் உள்ளே வர 13 ஆண்டு ஆயிற்று.

நெடுங்கரை:

ஆலைக்கணக்கு சொன்ன உபரி உண்மை. ஆனால் அதே உடன்படிக்கை பிஜிக்கும் கயானாவுக்கும் ஜமைக்காவுக்கும் இருந்தது. பிஜியில் 1987-ல் இரண்டு ராணுவப் புரட்சி. கயானாவில் சர்க்கரையை தேசியமயமாக்கிய பிறகு தொழிலே தேய்ந்தது. உறுதி விலை மட்டும் போதுமென்றால் நாலு நாடும் ஒரே மாதிரி வந்திருக்க வேண்டும்.

வித்தியாசம் அரசியலில். யாரும் தனியாக ஆள முடியாது என்ற நிலை. விடுதலைக்காக நின்ற பிரதமர் ராம்கூலாம், விடுதலையை எதிர்த்த துவாலின் பி.எம்.எஸ்.டி. கட்சியை 1969-ல் கூட்டணிக்குள் இழுத்தார். வெளியுறவுத் துறையையே கொடுத்தார். துவால் ஐரோப்பாவில் அலைந்து சுற்றுலாப் பயணிகளையும் முதலீட்டையும் தேடினார். தனி ராணுவமும் வைக்கவில்லை, காவல் துறைக்குள் ஒரு சிறப்புப் படை, அவ்வளவுதான்.

இதை இனிப்பாக மட்டும் எழுதினால் தவறு. அந்தக் கூட்டணி 1972-ல் வர வேண்டிய தேர்தலை 1976-க்குத் தள்ளியது. 1971-ல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம், நெருக்கடிநிலை, எதிர்க்கட்சியான எம்.எம்.எம்.மின் தலைவர்களுக்குச் சிறை. ஜனநாயகம் அங்கே வழுக்காமல் வந்ததல்ல. 1982-ல் அதே எம்.எம்.எம். கூட்டணி முக்கியத் தீவின் 60 இடங்களையும் பிடித்தது, ஆட்சி அமைதியாகக் கை மாறியது. அந்த ஒரு நாள்தான் திருப்பம் என்பது என் கருத்து. 60-க்கு 60 என்ற முடிவு 1995-லும் 2024-லும் மறுபடி வந்தது.

தொகுதி எண் 21:

8 இடக் கணக்கு இப்படி.

முக்கியத் தீவில் 20 தொகுதி, ஒவ்வொன்றிலும் 3 உறுப்பினர். வாக்காளர் 3 பேருக்கும் வாக்களித்தே ஆக வேண்டும், ஒருவருக்கு மட்டும் போட்டால் செல்லாது. 21-வது தொகுதி ரோட்ரிக்ஸ் என்ற சிறு தீவு, அங்கே 2. ஆக 62. மேல் வருவது 'சிறந்த தோல்வியாளர்' இடங்கள், அதிகபட்சம் 8.

அரசியலமைப்பு மக்களை நான்காகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீனர், இந்த மூன்றிலும் சேராத 'பொது மக்கள்'. ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும், அதற்கு ஏற்கெனவே கிடைத்த இடங்களோடு 1 கூட்டி வகுக்க வேண்டும். கற்பனையாக, ஒரு சமூகம் 1,20,000 பேர், 5 இடம்: 6-ஆல் வகுத்தால் 20,000. இன்னொன்று 30,000 பேர், 1 இடம்: 2-ஆல் வகுத்தால் 15,000. ஈவு பெரியதான முதல் சமூகத்துக்கே இடம். அந்தச் சமூகத்தில் கட்சி சார்பில் நின்று தோற்றவர்களில் அதிக வாக்கு விழுக்காடு பெற்றவர் உள்ளே போவார். பிறகு 6 இடம் என்று வைத்து மறுபடி வகுக்க வேண்டும். முதல் 4 இடங்களுக்குக் கட்சி பார்ப்பதில்லை. அவற்றால் கட்சிகளுக்கிடையே குலைந்த விகிதத்தைச் சரிசெய்யத்தான் அடுத்த 4.

கோளாறு எங்கே என்றால், 1982-ல் குடிக்கணக்கிலிருந்து சமூகக் கேள்வியை நீக்கிவிட்டார்கள். ஆகவே இன்றும் 1972 எண்களை வைத்தே வகுக்கிறார்கள். வேட்புமனுவில் சமூகத்தைக் குறிப்பிடாதவரின் மனு செல்லாது என்ற விதியை ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-ல் குறை சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

தமிழர் கேள்விக்கு வருகிறேன். இந்த நான்கில் தமிழர் தனியாக இல்லை, 'இந்து' என்பதற்குள் அடக்கம். வட இந்திய வம்சாவளியினர் அதிகமுள்ள தொகுதியில் தமிழர் தோற்றால் இந்தக் கணக்கு அவருக்கு உதவாது, அவருடைய 'சமூகம்' ஏற்கெனவே நிறைய இடம் வைத்திருக்கும். அதனால் அங்கே தமிழர் பங்கு, கட்சிகள் வேட்பாளர் பட்டியல் போடும் மேசையிலும் அமைச்சரவையிலும்தான் தீர்மானமாகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களாக வந்து சேர்ந்தவர்கள் என்பதால் முன்வரிசை கேட்கும் உணர்வு வலிமையானது. 1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை ஏற்றி அச்சடித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். 1999-ல் வந்த நோட்டில் மறுபடி ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ். 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் தமிழ் வம்சாவளித் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன்.

திசைமாணி:

இப்போது நன்றாகத் தெளிவு, நன்றி. ஒன்று மட்டும்: உறுதி விலை போனபின் என்ன ஆயிற்று? இந்த வளர்ச்சிக்காக இழந்தவர்கள், விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் யாரும் தொடவில்லையே.

ஆலைக்கணக்கு:

விலை டன்னுக்கு 523.7 யூரோவாக இருந்தது. 2006-ல் தொடங்கிப் படிப்படியாக 36% குறைத்து 335 ஆக்கினார்கள், 2009-ல் உடன்படிக்கையே முடிந்தது. 5 லட்சம் டன்னுக்குப் பெருக்கிப் பாருங்கள், ஆண்டுக்கு 9 கோடி யூரோவுக்கு மேல் இழப்பு. அதே நேரத்தில், 2005 தொடக்கத்தில், துணி இறக்குமதி ஒதுக்கீட்டு முறையும் உலகளவில் முடிந்ததால் ஹாங்காங் ஆலைகள் கிளம்பிவிட்டன. ஈடுகட்டியது நிதிச் சேவை. இந்தியாவுடன் 1982-ல் போட்ட இரட்டை வரி ஒப்பந்தத்தால் பங்கு விற்ற லாபத்துக்கு இந்தியாவில் வரியில்லை, மொரீஷியஸிலும் இல்லை. 2016-ல் இந்தியா அதைத் திருத்தியது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியாவில் வரி உண்டு. பிறர் கொடுத்த சலுகை எதுவும் நிரந்தரமில்லை என்பதை இந்தத் தீவு மூன்று முறை பார்த்துவிட்டது.

நெடுங்கரை:

விலை கொடுத்தவர்கள் மூன்று தரப்பு.

ஏற்றுமதி ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆரம்ப ஆண்டுகளில் அவர்களுடைய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஆண்களைவிடக் குறைவு. மலிவு என்று உலகச் சந்தையில் விற்றது அந்த வித்தியாசத்தைத்தான். கூலி ஏறியபின் 90-களிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

அடுத்து, அடிமைகளின் வழித்தோன்றல்களான கிரியோல் மக்கள். தோட்டம் பிரெஞ்சு வம்சாவளியினரிடம், அரசு வேலை இந்திய வம்சாவளியினரிடம் என்ற பங்கீட்டில் இவர்களுக்கு இரண்டும் இல்லை. 1999-ல் பாடகர் காயா காவலில் இறந்தபோது வெடித்த கலவரம் அந்தக் கோபம். அவர்கள் தாய்மொழியான கிரியோல் தொடக்கப் பள்ளிப் பாடமாக நுழைந்தது 2012-ல்தான்.

மூன்றாவது, சாகோஸ் மக்கள். 1965-ல் விடுதலைப் பேச்சின்போதே பிரிட்டன் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரீஷியஸிலிருந்து 30 லட்சம் பவுண்டுக்குப் பிரித்து எடுத்துக்கொண்டது. அதன் பெரிய தீவான தியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைய, 1973-க்குள் அங்கிருந்த எல்லோரையும் அப்புறப்படுத்தினார்கள். போர்ட் லூயிஸ் ஓரத்துக் குடிசைகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். 2019 பிப்ரவரி 25-ல் பன்னாட்டு நீதிமன்றம் அந்தப் பிரிப்பு சட்டப்படி சரியல்ல என்று கருத்துரைத்தது. 2025 மே 22-ல் கையெழுத்தான ஒப்பந்தம் இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுக்கிறது, தியேகோ கார்சியாவை 99 ஆண்டு குத்தகைக்குப் பிரிட்டனிடமே விடுகிறது. ஊர் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பெரிய தீவு இந்த ஒப்பந்தத்திலும் திறக்கவில்லை.