கலைச்சொல்: வயலினுக்குள் நிற்கும் குச்சிக்கு என்ன பெயர்?

ஓசூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கிரெமோனா நகரத்து வயலின் ஆசான் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியின் வாழ்க்கையைத் தமிழில் எழுத உறுப்புப் பெயர்கள் வேண்டும். பலவற்றுக்கு வீணைப் பட்டறையிலேயே பெயர் இருக்கிறது. தந்தி ஏறி நிற்பது குதிரை. முறுக்கிச் சுருதி கூட்டுவது பிரடை. வால்பக்கம் தந்தியைப் பிடிப்பது நாகபாசம். மூன்றும் வயலினுக்கு அப்படியே பொருந்தும். புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

சிக்கல் 'சவுண்ட் போஸ்ட்'டில். மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, குதிரையின் வலப்புறத்துக்குச் சற்றுப் பின்னால், பசையும் ஆணியும் இல்லாமல் நிற்கிற 6 மி.மீ. தடிமனுள்ள உருண்டைக் குச்சி. 'ஒலித்தூண்' என்று எழுதிப் பார்த்தேன். பிழையில்லை, ஆனால் மண்டபத்துத் தூண் போல் இருக்கிறது. இத்தாலியர் இதை 'ஆனிமா' என்கிறார்கள். உயிர், ஆன்மா என்று பொருள். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் அதே பொருள்தான். ருஷ்யர் 'துஷ்கா', அதாவது சின்ன உயிர். ஜப்பானியர் ஆன்மத்தூண் என்று பொருள்பட எழுதுகிறார்கள். ஜெர்மானியர் மட்டும் குரலைக் கொண்டுவந்து 'ஷ்டிம்ஷ்டாக்', குரல்கோல் என்கிறார்கள். தமிழில் உயிரா, குரலா, தூணா?

அரூரிலிருந்து:

உயிர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பின்சொல்லைத்தான் பார்க்க வேண்டும். என் முன்மொழிவுகள் மூன்று: உயிர்க்கோல், ஜீவக்குச்சி, நாதமுட்டு. கடைசியது தச்சர் வாயில் இருக்கும் சொல். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது போல, தந்தி அழுத்தத்தில் மேற்பலகை அமுங்காமல் இது தாங்குகிறது. கேட்டவுடன் வேலை விளங்கும் என்பதால் அதற்கே என் வாக்கு.

பாலக்கோட்டிலிருந்து:

ஐயா, முட்டு மட்டும் வேண்டாம். இந்தச் சொல் வயலினை உடைக்கும்.

முட்டு என்றால் தச்சன் என்ன செய்வான்? இடைவெளியை விட ஒரு நூல் நீளமாக அறுத்து, சுத்தியலால் தட்டி இறுக்குவான். இறுக்கம்தான் முட்டின் குணம். இந்தக் குச்சிக்கு அதுதான் ஆகாது. தந்தி தளர்ந்திருக்கும்போது விழாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் பிடிப்பு இருக்க வேண்டும். கூடுதலாக இறுகினால் மேற்பலகை உள்ளிருந்து எத்தப்படும். அந்தப் பலகை அங்கே ஏறக்குறைய 3 மி.மீ. கனம்தான். முதலில் ஒலி அடைத்து, கூர்மையாகக் கேட்கும். பிறகு குச்சியின் தலை பதிந்த இடத்தில் பள்ளம் விழும். கடைசியில் மரத்தின் ரேகை ஓட்டத்திலேயே விரிசல் விடும். அடிப்பலகையில் அதே இடத்தில் விட்டால் இன்னும் மோசம். மேற்பலகையைக் கழற்றி, விரிசலை ஒட்டி, அந்த இடத்தைக் குடைந்து உள்ளொட்டு வைத்தால்தான் நிற்கும். மேற்பலகை வச்சிரத்தால், அதாவது தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால், ஒட்டப்பட்டிருந்தால் மெல்லிய கத்தியை விட்டுப் பக்குவமாகப் பிரிக்கலாம். யாராவது வெள்ளைப் பசை போட்டிருந்தால் பலகையோடு பிய்த்துக்கொண்டுதான் வரும்.

பொருத்தும் முறையையும் சொல்கிறேன், பெயர் வைக்க உதவும். மரம் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம், நெருங்கிய நேர் ரேகை. ரம்பத்தால் அறுக்காமல் பிளந்து எடுத்தால் நார் அறுபடாமல் முனைக்கு முனை ஓடும். தேக்கு போட்டால் கனம் கூடி ஒலி மங்கும். இரண்டு முனையும் தட்டையாக இருக்கக் கூடாது. பலகைகள் உள்ளே வளைந்திருப்பதால் அந்தச் சரிவுக்கு ஏற்ப முனைகளைச் சாய்த்துச் சீவ வேண்டும். எஸ் வடிவக் கம்பியின் கூர் முனையில் குச்சியைக் குத்தி, மேற்பலகையின் வலப்பக்கத் துளை வழியே விட்டு, அடிமுனையை முதலில் அடிப்பலகையில் ஊன்றி, தலையை மெல்ல இழுத்து நிமிர்த்த வேண்டும். குச்சியின் ரேகை மேற்பலகையின் ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். ஒரே திசையில் நின்றால் குச்சியின் கெட்டி வரிகள் பலகையின் மென்வரிகளுக்குள் இறங்கிவிடும். நாகபாசத்தைப் பிடித்திருக்கும் வால் ஆணியைக் கழற்றி அந்தத் துளையில் கண் வைத்துப் பார்த்தால், முனைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சக் கீற்றே தெரியக் கூடாது. கீற்றுத் தெரிந்தால் குச்சி ஒரு விளிம்பில் மட்டும் நிற்கிறது, அந்த விளிம்பு பலகையைத் தின்னும்.

குதிரைக்குப் பின்னால் 2 முதல் 3 மி.மீ. தள்ளி வைப்பது வழக்கம். அரை மி.மீ. நகர்த்தினாலே காதுக்குத் தெரியும். குதிரையை நெருங்கினால் ஒலி இறுகி எடுப்பாகும், விலகினால் தளர்ந்து மிருதுவாகும்.

ஆகவே இறுக்கத்தைச் சொல்லாத, நிற்பதைச் சொல்கிற பெயர் வேண்டும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

பாலக்கோட்டு அண்ணன் சொன்னதோடு பருவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பங்குனி, சித்திரையில் நம் பக்கம் அடிக்கும் வறட்டுக் காற்றில் பலகை குறுக்குவாட்டில் சுருங்கி வளைவு தாழும். குச்சி தானாகவே இறுகும். ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து எழும்பினால் அதே குச்சி தளரும். அப்போது நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் விழுந்துவிடும். விழுந்தது தெரியாமல் தந்தி ஏற்றினால் மேற்பலகை அமுங்கும். அதனால்தான் தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றிப் புதியதை ஏற்றிவிட்டு அடுத்ததைத் தொடச் சொல்கிறோம். கர்நாடக இசைக்குத் தந்தியை இறக்கிக் கட்டுவதால் குச்சிக்கு வரும் அழுத்தமும் குறைவு. நமக்கு இது இன்னும் முக்கியம்.

இனி பெயருக்கு வருகிறேன். 'ஜீவக்குச்சி' கூடாது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் நூலை ஜீவா என்கிறோம். அந்த நூல் நகர்ந்தால் தம்புராவின் ரீங்காரம் மாறும். ஒரே மேடையில் தம்புராவும் வயலினும் இருக்கும்போது இரண்டு ஜீவன் குழப்பும். 'குச்சி'யும் வேண்டாம். நம் இரு மாவட்டத்திலும் வாத்தியக் குச்சி என்றால் பம்பையை அடிப்பதுதான் நினைவுக்கு வரும். இது அடிப்பதற்கானது அல்ல.

'உயிர்க்கோல்' எழுத அழகு. ஆனால் வேகமாகச் சொல்லும்போது உயிர்க்கோளம் என்று காதில் விழும். அது ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் வேறு பொருளில் குடியிருக்கிறது.

பென்னாகரத்திலிருந்து:

நட்டுவைத்து நிற்பதற்குத் தமிழில் 'கால்' இருக்கிறதே. பந்தக்கால், முகூர்த்தக்கால், கொடிக்கால். எதையும் தட்டி இறுக்குவதாக இந்தச் சொல் காட்டாது. நிற்கிறது, அதன் மேல் மற்றது நடக்கிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். ஏற்றக்கால் அசையாமல் நிற்கும், அதன் மேல் துலா ஆடும். வயலினிலும் இதுதான் நடக்கிறது. வில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது குதிரை ஆடுகிறது. வலப்புறம் கீழே குச்சி நிற்பதால் அந்தப் பக்கம் அதிகம் அசையாது. இடப்புறம் மேலும் கீழுமாக ஏறி இறங்கி மேற்பலகையை உந்துகிறது. குச்சியை எடுத்துவிட்டால் இரு பக்கமும் ஒன்றையொன்று கெடுத்து, ஒலி பொக்கென்று போகும். துலாவுக்குக் கால் எப்படியோ, குதிரைக்கு இது அப்படி. உயிர்க்கால் என்று வைக்கலாம். பழந்தமிழில் கால் என்றால் காற்றும்தான். அந்தப் பொருளும் இதற்குள் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓசூரிலிருந்து:

ஏற்றக்கால் என்று படித்ததும் எனக்கு முடிவாகிவிட்டது. ஒரே தடை: குதிரையின் அடியில் இருக்கும் இரண்டையும் நாம் கால் என்றுதான் சொல்கிறோம். "குதிரையின் வலக்காலுக்குப் பின்னால் உயிர்க்கால்" என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார்.

பாலக்கோட்டிலிருந்து:

குதிரையில் இருப்பது பாதம் அம்மா. பலகையில் முழுதாகப் படிய வேண்டியது அதுதான். அதன் அடியைச் சீவும்போதும் பாதம் படிகிறதா என்றுதானே பார்க்கிறோம். குதிரைக்குப் பாதம், உள்ளே நிற்பதற்குக் கால்.

அரூரிலிருந்து:

முட்டைத் திரும்பப் பெறுகிறேன். உயிர் + கால் = உயிர்க்கால், புணர்ச்சி சரி. உயிர்க்கால் சாய்ந்தது, உயிர்க்காலை நிமிர்த்து, உயிர்க்கால் விரிசல் என எந்த வாக்கியத்திலும் இடறாமல் நடக்கிறது.

இடப்பாதத்துக்கு அடியில் மேற்பலகையோடு நீளவாக்கில் ஒட்டியிருக்கும் சட்டத்துக்கு மந்தரச் சட்டம் போதும், கனத்த தந்தியின் பக்கம் என்பது விளங்கும். விளிம்பைச் சுற்றி ஓடும் மூவரிக் கோட்டுக்குக் கரை என்றார் ஒருவர், வேட்டிக்கரை போல. அழகுக்கு மட்டும் என்று தோன்றிவிடும். உண்மையில் வாய்க்கால் தோண்டி மூன்று மெல்லிய மரப்பட்டைகளைப் பதிப்பது, விளிம்பில் தொடங்கும் விரிசல் உள்ளே ஓடாமல் நிறுத்தத்தான். காப்பிழை (காப்பு + இழை) என்று வைக்கலாமா? மலிவு வயலினில் மையால் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். அதைக் காப்பிழை என்று சொல்ல முடியாது என்பது இந்தப் பெயருக்குக் கூடுதல் நன்மை.

ஓசூரிலிருந்து:

காப்பிழையும் மந்தரச் சட்டமும் ஏற்றேன். கட்டுரையின் ஒரு பத்தி, புதிய சொற்களோடு:

"1644-ஐ ஒட்டிப் பிறந்த ஸ்ட்ராடிவாரி 1680-இல் கிரெமோனாவின் சான் தொமேனிகோ சதுக்கத்தில் வீடு வாங்கினார். 1737 டிசம்பர் 18-இல் இறக்கும்வரை அதுவே அவருக்கு வீடும் பட்டறையும். மகன்கள் பிரான்செஸ்கோவும் ஓமோபோனோவும் உடன் உழைத்தார்கள். அவர் கையால் இழைத்த பலகையும், பதித்த காப்பிழையும், நிறுத்திய உயிர்க்காலும் மூன்று நூற்றாண்டு கடந்து இன்றும் ஒலிக்கின்றன."

பாலக்கோட்டிலிருந்து:

கடைசி வாக்கியத்தைத் திருத்த வேண்டும் அம்மா. பலகை அவருடையது, காப்பிழை அவருடையது. உயிர்க்கால் அவருடையது என்று எழுத முடியாது. அவர் காலத்தில் கழுத்து குட்டை. உட்பக்கத்திலிருந்து ஆணி அடித்து, உடலுக்குள் கழுத்துப் பக்கம் இருக்கும் மேற்கட்டையில் பிடித்திருந்தார்கள். மந்தரச் சட்டமும் சிறியது. பிற்காலத்தில் தந்தியின் இழுவை கூடியபோது அவர் வயலின்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் திறந்து, கழுத்தை நீட்டிச் சாய்வைக் கூட்டி, பெரிய மந்தரச் சட்டம் ஒட்டினார்கள். உயிர்க்கால் பசையில்லாமல் நிற்பது. பழுது பார்க்கும் ஒவ்வொருவரும் மாற்றிக்கொண்டே வருவது. அதிகம் வாசிக்கப்படாமல் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1716-ஆம் ஆண்டு 'மெசையா' வயலினிலேயே பிரடையும் நாகபாசமும் பாரிஸ் நகரத்து வயலின் ஆசான் வூயோம் பொருத்தியவை.

"அவர் கையால் இழைத்த பலகையும் பதித்த காப்பிழையும் இன்றும் இருக்கின்றன, உள்ளே நிற்கும் உயிர்க்கால் பின்வந்த தச்சர்களுடையது" என்று மாற்றிவிடுங்கள்.