புதுப்பிப்பு: மோவாய் இம்ப்ளான்ட், ஸ்கேன் முடிவு வந்துவிட்டது

மோவாயை எடுப்பாக்கச் சிலிக்கோன் துண்டு (இம்ப்ளான்ட்) வைத்த பிறகு கீழ் முன்பற்கள் கூசுகின்றன, எலும்பு தேய்கிறதா என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

தேய்ந்திருக்கிறது. சிபிசிடி ஸ்கேனில் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) இம்ப்ளான்ட்டுக்குப் பின்னால் எலும்பில் கிண்ணம் மாதிரி ஒரு குழி. பல் வேர்களை இன்னும் தொடவில்லை, ஆனால் இடைவெளி குறைவு.

வாய்-முக அறுவை நிபுணர் சொன்ன காரணம்: மோவாய்த் தசை இம்ப்ளான்ட்டை எந்நேரமும் உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். தாடையின் கீழ் விளிம்பில் எலும்பு கெட்டி, அது தாங்கும். என்னுடையது மேலே ஏறி, வேர்களுக்கு முன்னாலுள்ள மெல்லிய எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. 1960களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவான பிரச்சினையாம். அறுவைக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை!

தங்களுக்கும் இப்படி ஆகுமா என்று பயந்துபோய்க் கேட்டவர்களுக்கு: இம்ப்ளான்ட் வைத்த பலருக்கும் லேசான தேய்மானம் உண்டு. பெரும்பாலும் வலிக்காது, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும், பலருக்கு ஓரளவோடு நின்றும்விடும். பல் கூச்சமோ வலியோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நான் எடுத்துவிடப் போகிறேன். வெறுமனே எடுத்தால் விரிந்த தோலும் தசையும் தொங்கக்கூடும். அதனால் கூடவே ஜீனியோபிளாஸ்டி: சொந்த எலும்பை வெட்டி முன்னால் நகர்த்தி, தகடும் திருகும் போடுவது. கீழுதடு மரத்துப்போகும் அபாயம் இதிலும் இருக்கிறது. குழி ஓரளவு நிரம்பலாம், முழுசாக நிரம்பும் என்று மருத்துவர் உறுதி தரவில்லை.

அதே சிலிக்கோனைக் கீழே இறக்கி வைக்கலாமே என்றவருக்கு: நானும் கேட்டேன், என் குழியைப் பார்த்துவிட்டு மருத்துவர் வேண்டாம் என்றார்.