செம்பவாங் படத்தில் நிற்பது எந்த எண்ணெய்க் கப்பல்?

வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் சாயம் பூசும் வேலை பார்த்த தாத்தாவின் படம் இது. பின்புறம் பென்சிலில் ‘1967’. அவருக்குப் பின்னால், போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் எரிபொருள் கொடுக்கும் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று. பக்கவாட்டில் கப்பலின் அடையாள எண்ணில் ‘ஏ7’ தெரிகிறது. அடுத்த இலக்கத்தைச் சாரப் பலகை மறைத்துவிட்டது. ஹெலிகாப்டர் கொட்டகை இருப்பதால் டைட்ஸ்பிரிங் (ஏ75) அல்லது டைட்பூல் (ஏ76) ஆக இருக்க வேண்டும். இரண்டும் 1963இல் சேவைக்கு வந்த ஒரே அச்சுக் கப்பல்கள்.

பழைய நாளிதழ்களைப் புரட்டிவிட்டேன். விமானந்தாங்கிகளைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் எண்ணெய்க் கப்பலைச் சீண்டவே இல்லை! தளத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். டைட்பூல் 1982இல் சிலிக்கு விற்கப்பட்டது, டைட்ஸ்பிரிங் 1992இல் குஜராத்தின் ஆலங்கில் உடைக்கப்பட்டது என்பது வரை தெரியும். 1967இல் செம்பவாங்கில் நின்றது இவற்றில் எது?