தானே கற்ற லாகோஸ் இளைஞர் வரைகலை வடிவமைப்பில் காலூன்ற வழி என்ன?

இகேஜாவாசி:

அனைவருக்கும் வணக்கம். நைஜீரியாவின் லாகோஸ் நகரில், இகேஜா பகுதியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எங்கள் கிடங்கில் சரக்கு இறக்கும் யொரூபா மொழி பேசும் 22 வயது இளைஞர் ஒருவர், கைப்பேசியில் பிக்ஸல்லேப் செயலியை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுகளாகத் தேவாலயக் கூட்ட அறிவிப்புகளும் பிறந்தநாள் வாழ்த்துப் படங்களும் செய்து தருகிறார். சென்ற மாதம், சேமித்த பணத்தில் கம்ப்யூட்டர் வில்லேஜ் சந்தையில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, யூடியூப் பார்த்துக் கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளைக் கற்கத் தொடங்கியிருக்கிறார். கல்லூரியில் சேர வசதி இல்லை. எனக்குத் தம்பி போன்றவர்; அவருடைய உழைப்பைத் தினமும் பார்ப்பதால் இதைக் கேட்கிறேன்.

பட்டம் இல்லாமல் இத்துறையில் நிலைபெற முடியுமா? இணையத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களைத் தேடுவதா, உள்ளூரில் தொடங்குவதா? தான் செய்வதெல்லாம் அமெரிக்க மாதிரிகளைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது என்பது அவருக்கே உள்ள மனக்குறை.

அச்சுக்கூடம்:

ஐயா, நான் சிவகாசியில் அச்சகத்தில் வளர்ந்தவன். பின்னர் லாகோஸில் அட்டைப்பெட்டி அச்சகம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் மேலாளராக இருந்தேன். அந்த இளைஞரை முதலில் ஷோமோலுவுக்கு அனுப்புங்கள். லாகோஸின் அச்சுத் தொழில் அடர்ந்து கிடக்கும் பகுதி அது. வடிவமைப்பவர், அச்சுத் தகடு (பிளேட்) எடுப்பவர், ஆஃப்செட் அச்சு இயந்திரம் ஓட்டுபவர், கட்டிங், லேமினேஷன் செய்பவர் என எல்லோரும் அடுத்தடுத்த கடைகளில் இருப்பார்கள். திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் தாளில் ஏன் மங்குகிறது, வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் வண்ணம் ஏன் நீள வேண்டும், சிறிய எழுத்துகளை நான்கு வண்ணத்தில் கலக்காமல் தனிக் கறுப்பில் ஏன் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் காணொளியில் நூறு முறை கேட்பதைவிட, தன் பிழையால் வீணான தாளைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஒரே நாளில் அவர் கற்றுக்கொள்வார்.

வேலைக்கும் அங்கே பஞ்சமில்லை. திருமண அழைப்பிதழ், தேவாலய நிகழ்ச்சி நிரல், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்போடு அச்சிடப்படும் இறுதிச்சடங்குப் புத்தகம் ஆகியவை ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். இறுதிச்சடங்குப் புத்தகத்தை மட்டும் அவர் சிறிய வேலையாக எண்ணிவிட வேண்டாம். பழைய புகைப்படங்களைச் சீராக்கி, பக்கம் பிரித்து, பெயர்களைப் பிழையின்றி அடுக்கி, இரண்டே நாளில் முடிக்க வேண்டிய அந்தப் பணி ஒருவரை முழு வடிவமைப்பாளராக்கிவிடும்.

பட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டியின் இசைத்தட்டுகளில் 26-க்கு உறை வரைந்த லெமி கரியோக்வு லாகோஸில் பிறந்தவர், தானே வரையக் கற்றவர். 1974-இல் ‘அலாக்போன் க்ளோஸ்’ உறையை வரைந்தபோது அவர் இருபது வயதைக்கூட எட்டவில்லை. அந்த உறைகளில் அவர் வரைந்தது தன் ஊரின் தெருவையும் அரசியலையும்தான்.

புள்ளிஎழுத்து:

அவருடைய மனக்குறையைப் பற்றியே பேச விரும்புகிறேன். நான் எழுத்துரு வடிவமைப்பாளன், சென்னையில் இருக்கிறேன். யொரூபா மொழியில் ‘ஈ’, ‘ஓ’, ‘எஸ்’ ஆகிய உரோமன் எழுத்துகளுக்கு அடியில் புள்ளி வரும்; உயிரெழுத்துகளின் மேல் தொனிக்குறிகள் வரும். இவை அலங்காரமல்ல. ஒரே மூன்று எழுத்துகள், குறிகள் மாறும்போது கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என நான்கு சொற்களாகின்றன. ஆயினும் அங்குள்ள சுவரொட்டிகளில் பெரும்பாலும் இக்குறிகள் இருப்பதில்லை, ஏனென்றால் வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கும் எழுத்துரு அவற்றைத் தாங்குவதில்லை.

அடிப்புள்ளியும் தொனிக்குறியும் சேர்ந்த எழுத்துக்கு, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தனி இடம் கிடையாது. எழுத்தையும் குறிகளையும் தனித்தனியே உள்ளிட, எழுத்துருதான் அவற்றை உரிய இடத்தில் பொருத்த வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத எழுத்துருவில் குறி ஒதுங்கி நிற்கும், அல்லது பக்கத்து எழுத்தின் மேல் ஏறிவிடும். ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நின்ற தமிழ்ப் பக்கங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வேதனை நன்றாகவே புரியும்.

ஆகவே அவர் செய்ய வேண்டியது, எந்தெந்த எழுத்துருக்கள் தன் மொழியைச் சரியாகக் காட்டுகின்றன என்று சோதித்துத் தமக்கென ஒரு தொகுப்பை வைத்துக்கொள்வது. நோட்டோ, ஜென்டியம், சாரிஸ் ஆகியவை இலவசம், அவற்றிலிருந்து தொடங்கலாம். லாகோஸின் மஞ்சள் சிற்றுந்துகளில் வெட்டி ஒட்டப்படும் எழுத்துகளைப் பார்த்து, செயி ஒலுசான்யா என்னும் நைஜீரிய வடிவமைப்பாளர் ‘டான்ஃபோ’ என்ற எழுத்துருவை உருவாக்கியிருக்கிறார். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் இளைஞர் தினமும் ஏறி இறங்கும் வண்டியின் எழுத்து அது. தன் தெருவிலுள்ள கடைப்பலகைகளை நாளொன்றுக்கு ஒன்று வீதம் படமெடுத்து, அவற்றின் எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் மீண்டும் வரைந்து பழகினால், ஓராண்டில் எந்த மாதிரியையும் ஒத்திராத பணித்தொகுப்பு அவரிடம் இருக்கும்.

நைரோபிநிலா:

பணத்தைப் பற்றி ஒரு சொல். 2023 ஜூனில் நைஜீரிய நாணயமான நைராவின் மாற்று விகிதம் தளர்த்தப்பட்ட பிறகு, 500-க்கும் கீழே இருந்த டாலரின் விலை ஓராண்டில் 1,400 நைராவைத் தாண்டியது. டாலரில் சந்தா கட்டும் மென்பொருளை நம்பி அவர் தொழில் தொடங்கக் கூடாது என்பதற்கும், சிறிதளவாவது டாலரில் வருமானம் தேடுவது நல்லது என்பதற்கும் இது ஒன்றே காரணம். இணையப் பணப்பரிமாற்றச் சேவையான பேபால் 2014-இல் நைஜீரியாவுக்கு வந்தபோது அதன் வழியே பணம் அனுப்ப முடிந்ததே தவிர, பெற முடியவில்லை. பலர் பேயோனியர் என்னும் இன்னொரு சேவை வழியாகப் பெறுகிறார்கள். வேலையை ஏற்பதற்கு முன்பே எவ்வழியில் பணம் வரும் என்று கேட்டுக்கொள்ளட்டும். உள்ளூர் வாடிக்கையாளரிடம் பாதித் தொகையை முன்பணமாகப் பெறாமல் கணினியைத் திறக்க வேண்டாம். மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு ஊற்றும் பெட்ரோலின் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும்.

இகேஜாவாசி:

எல்லோருக்கும் உளமார்ந்த நன்றி. இவற்றை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அடிப்புள்ளி பற்றிய பகுதிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். தன் தாயாரின் பெயரில் இரண்டு புள்ளிகள் உண்டென்றும், அவருக்காக ஆண்டுதோறும் செய்த பிறந்தநாள் படங்களில் ஒருமுறைகூட அவற்றை இட்டதில்லை என்றும் கூறினார். சனிக்கிழமை இருவருமாக ஷோமோலுவுக்குச் சென்றோம். ஓர் அச்சக உரிமையாளர் வாரத்தில் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார், ஆனால் மூன்று மாதங்களுக்குச் சம்பளம் இல்லையாம். ஒப்புக்கொள்ளலாமா?

அச்சுக்கூடம்:

ஒரு மாதத்துக்கு ஒப்புக்கொள்ளலாம், அதுவும் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் தருவதாக இருந்தால் மட்டுமே. இரண்டாம் மாதத்திலிருந்து அவர் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொகை என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பேசும்போது நீங்களும் உடன் இருங்கள்.